நடுங்குகிற கைக்கு ஒன்பது

மாநில மதுப் பேணல் வாரியத்துக்கு மோனிஷா கட்ட வேண்டிய பாக்கி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரூபாய். இத்தனைக்கும் அவள் ஒரு சொட்டு மதுவை நாக்கில் வைத்துப் பார்த்தவள் இல்லை. குடிக்கிறவன் அவள் புருஷன் லோகு. அவன் பேரில் ஒரு பைசா பாக்கி கிடையாது. வாரியம் கடனுக்கு விற்பதில்லை.

அவள் பாக்கி கொட்டகையில் ஏறியது. வாரியத்தின் மதுக்கடைக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால் கொட்டகை. 'விலகல் இல்லம்' என்று பலகையில் எழுதியிருக்கும், அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு ராத்திரி படுக்க நூற்றிருபது ரூபாய். கையில் இல்லாவிட்டால் கணக்கில் ஏறும். கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டுகிற மாதிரி ஆனால் கதவு திறக்காது. காலையில் வெளியே வரும்போதே வாசல் திரை சொல்லிவிட்டது, அடுத்த முறை பாதியாவது கட்டிவிட்டு வரவும் என்று.

இன்றைக்குச் சனிக்கிழமை. லோகுவுக்குக் கூலி நாள்.

மீஞ்சூர் தாண்டி, பழைய வண்டிகளின் மின்கலங்களை உடைத்துப் பிரிக்கிற பட்டறையில் மோனிஷாவுக்கு வேலை. மூடியை நெம்பி எடுக்க வேண்டும், உள்ளே இருக்கிற தகடுகளைத் தனித்தனியாகக் கழற்றித் துடைக்க வேண்டும். கை ஓடவில்லை. ஒரு மூடியை மூன்று தரம் நெம்பியும் கம்பி வழுக்கிக்கொண்டே போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்வீன் பார்த்துவிட்டாள்.

"என்னாடி, பேட்டரிய கொஞ்சிக்கினு இருக்க?"

"அக்கா, ஒரு அஞ்சாயிரம் கெடைக்குமா?"

"அஞ்சாயிரமா? எங்கிட்ட அஞ்சாயிரம் இருந்தா நான் ஏன்டி உங்கூட குந்திக்கினு இத நோண்டறேன்." சிரித்துக்கொண்டே சொன்னவள் மோனிஷாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "கதவு மூடிக்கிச்சா?"

மோனிஷா தலையாட்டினாள்.

"எனக்கும் எட்டாயிரம் நிக்குது. நல்லா இருக்குடி நம்ம பொழப்பு. குடிச்சவன் ரொக்கமா குடுக்கறான், குடிக்காதவ கடனாளி."

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தத் தட்டு. கடையில், கவுன்டர் மேல், சோற்றுத் தட்டு அகலத்தில் ஒரு கண்ணாடி வட்டம். தீங்குமானி என்பது வாரியம் வைத்த பெயர். வாங்குகிறவர் அதன்மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். நாடி, வியர்வை, விரல் இறுக்கம், நடுக்கம் எல்லாவற்றையும் அது படிக்கும். இந்த ஆள் இந்தப் பாட்டிலோடு வீட்டுக்குப் போனால் இன்றைக்கு எவ்வளவு தீங்கு செய்வார் என்று பத்துக்குள் ஓர் எண் சொல்லும்.

வந்த புதிதில் சட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஐந்து காட்டினால் விற்பனை இல்லை. அந்தக் கொஞ்ச நாள் அவர்கள் தெருவில் பெண்கள் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டார்கள். உடையாது என்று ஒரு தைரியம். பிறகு வாரியத்தின் வருமானம் படுத்துவிட்டது. முதியோர் பணம் தள்ளிப்போனது, பள்ளிக்கூடத்தில் முட்டை நின்றது. சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது எந்த எண் காட்டினாலும் பாட்டில் உண்டு. ஐந்தோ அதற்கு மேலோ வந்தால், அந்த வீட்டில் இருக்கிற மற்றவர் கைபேசியில் மணி அடிக்கும். 'விலகவும், தயவுசெய்து விலகவும்' என்று ஒரு பெண் குரல் தாலாட்டுகிற மாதிரி சொல்லும். மணி அடித்தும் விலகாமல் இருந்தால் நடப்பதற்கு வாரியம் பொறுப்பில்லை.

போன வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது ஒருநாள் மணி அடித்தும் மோனிஷா எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு எண் ஆறு. அவளுடைய இடது மணிக்கட்டு அன்றிலிருந்து வளைந்தேதான் இருக்கிறது. காவல் நிலையத்தில் கேட்டது ஒரே கேள்வி: "மணி அடிச்சுதுல்ல? ஏம்மா போவல?"

ஐந்து மணிக்குப் பட்டறை விட்டது. லோகுவுக்குக் கிடங்கில் ஆறு மணிக்கு வேலை முடியும், நேரே கடைக்கு வருவான். இந்த ஒரு மணி நேரத்தில் எங்கே போவது என்று தெரியாமல் சுற்றிவிட்டு, கடைசியில் அவள் கால்கள் கடைக்கே போயின.

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பொம்பளையைக் கண்டதும் வழி விட்டார்கள், மரியாதையில் இல்லை, வேடிக்கை பார்க்க. கவுன்டரில் இருந்தவர் எழிலரசன், வாரியத்தின் விற்பனையாளர். அவருக்கு அவள் முகம் தெரியும்.

"அண்ணா, இன்னிக்கு ஒருநாள் அவருக்குக் குடுக்காதீங்க. இல்லன்னு சொல்லிடுங்க."

"இருக்கறத இல்லன்னு எப்படிம்மா சொல்றது? மேலேர்ந்து பாத்துக்கினே இருக்கான். மாசம் இவ்ளோ ஓடணும்னு கணக்கு. ஓடலன்னா என்னிய தூக்கிக் கடலோரக் கடைக்கு அடிச்சிடுவான்." எழிலரசன் குரலைத் தாழ்த்தினார். "மணி அடிச்சா கொட்டாய்க்குப் போயிடு. அதுக்குத்தான கட்டி வெச்சிருக்கு."

"கதவு தெறக்காதுண்ணா."

பின்னால் ஒருவன், "அக்கா வாங்கப் போதா, கவிதை படிக்கப் போதா?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"வாங்கறவங்கதான் இங்க நிக்கலாம்மா," என்றார் எழிலரசன். "இல்லன்னா நகரு."

கடைக்குள் வெளிச்சம் இருந்தது, ஆள் இருந்தது, மூலைக்கு மூலை காமிரா இருந்தது. அவர்கள் குடியிருந்த அறையில் ஒரு குண்டு பல்பும் தாழ்ப்பாள் கழன்ற கதவும்தான். இன்னும் கொஞ்ச நேரம் இந்த வெளிச்சத்தில் நிற்க முடிந்தால் போதும் என்று தோன்றியது அவளுக்கு. "வாங்கறேன்," என்றாள். அன்றைய கூலியில் முந்நூற்றைம்பதை எண்ணி வைத்துவிட்டு, வலது கையைத் தட்டின்மேல் வைத்தாள்.

கை நின்றால்தானே. கண்ணாடிமேல் அது தந்தி அடித்தது. வியர்வை வழிந்து தட்டு நனைந்தது. நாடி காதுக்குள் இடித்தது. தட்டு மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்தது.

ஒன்பது.

கடையில் சத்தம் அடங்கிவிட்டது. அந்தக் கடையில் யாரும் ஒன்பது பார்த்ததில்லை. சிரித்தவன் இரண்டடி பின்னால் போனான். அந்த அமைதியில், வாசல் பக்கம், ஒரு கைபேசி மணி அடித்தது.

"விலகவும். தயவுசெய்து விலகவும்."

லோகு நின்றுகொண்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்துப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அவள் பார்க்காத ஒன்று அப்போது வந்தது.

"என்னாடி பண்ணப் போற என்னிய?"

அவள் நனைந்த கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்ததே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"போயிடு தம்பி," என்றார் வரிசையில் ஒரு பெரியவர். "ஒன்பது. தட்டு பொய் சொல்லாது."

தட்டு பொய் சொல்லாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் லோகுதான். அவன் தட்டில் கை வைக்கப் போனபோது எழிலரசன் தடுத்தார். விலகச் சொல்லி மணி அடித்த ஆளுக்கு அன்றைக்கு விற்பனை கிடையாது, கொட்டகைக்குள் போதையோடு விட மாட்டார்கள். லோகு அவளைப் பார்த்தபடியே பின்னால் நடந்து சாலையைத் தாண்டினான்.

அன்று ராத்திரி மோனிஷா தன் அறையில், தன் பாயில் படுத்தாள். பாட்டில் மூலையில் திறக்காமல் இருந்தது. தூக்கம் வருவதற்குள் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அடிக்கப் போகிறவன் கையும் நடுங்கும், அடி வாங்கப் போகிறவள் கையும் நடுங்கும். நாடி ஒன்றுதான், வியர்வை ஒன்றுதான். தட்டைச் செய்தவனுக்கு இரண்டாவது கை ஞாபகத்துக்கே வரவில்லை. குடிக்கிறவன்தானே கை வைக்கப் போகிறான் என்று விட்டிருப்பான்.

பர்வீனிடம் சொன்னாள். பர்வீனுக்கு எட்டு வந்தது. அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள். மாதம் முடிவதற்குள் கடையில் பெண்களுக்கென்று தனி வரிசை போட்டார்கள். கொட்டகையில் குறுக்கே பலகை அடித்து ஆண்கள் பக்கம் ஒன்று திறந்தார்கள். புருஷன்மார்கள் அங்கே குடிக்காமல் உட்கார்ந்து, அவரவர் வீட்டு எண்ணைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். வாரியத்துக்குத்தான் கொண்டாட்டம். ஆண் வாங்காமல் போன பாட்டிலைப் பெண் வாங்கினாள், இதுவரை கடைப்பக்கமே வராத வீடுகளும் வந்தன. எழிலரசனுக்கு மண்டலத்தில் முதல் விற்பனையாளர் என்று சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

பெண்கள் அதைக் குடிக்கவில்லை. பட்டறைக்குக் கொண்டுவந்து மின்கலத் தகடு துடைத்தார்கள். அழுக்கு நன்றாகப் போனது. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கிடைத்தது.

கூலியில் பாதி கடைக்கே போயிற்று. ஒருவேளைச் சோறு குறைந்தது. ஆனாலும் மோனிஷா தூங்கினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

தூங்கி எழுந்த உடம்பு நடுங்க மறந்தது. ஒன்பது எட்டாயிற்று, எட்டு ஏழாயிற்று. ஒரு நாள் ஆறு காட்டியது. பர்வீன் அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"பயம் உட்டுப் போச்சுன்னா தட்டு உன்ன கைவுட்டுடும்டி. எதனா நெனச்சுக்க."

"என்னத்தக்கா நெனைக்கறது?"

"நான் எங்க மாமியாள நெனச்சுக்கறேன். நீ உன் பாக்கிய நெனச்சுக்க."

பாக்கி அப்படியேதான் நின்றது. அடுத்த மாதத்துக்குள் கட்டாவிட்டால் அறைக்கு மின்சாரம் நிறுத்தப்படும், ரேஷன் அட்டை முடக்கப்படும் என்று வாரியம் செய்தி அனுப்பியிருந்தது. தட்டில் கை வைக்கும் முன் மோனிஷா கண்ணை மூடி அந்தத் தொகையை வாய்க்குள் சொல்லுவாள். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. வயிற்றில் ஒரு குளிர் இறங்கும், அது கைக்கு வரும். ஏழு காட்டும். லோகுவுக்கு மணி அடிக்கும்.

லோகு காலையில் வீட்டுக்கு வந்து போனான். அவள் போட்ட சோற்றை அவள் ஒரு வாய் தின்ற பிறகே தின்றான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. குடி நின்ற உடம்பு, தூங்காத கண். "எம்மேல அப்டி என்னாடி கோவம்?" என்று ஒருநாள் கேட்டான். கேட்டுவிட்டுச் சோற்றுத் தட்டை நகர்த்திவைத்து, அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் பார்த்தான்.

அடுத்த சனிக்கிழமை கிடங்கில் சரக்கு வரவில்லை. சீக்கிரமே விட்டுவிட்டார்கள். மோனிஷா பெண்கள் வரிசையில் கவுன்டருக்கு வந்தபோது பக்கத்து வரிசையில் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் இவ்வளவு கிட்டே நிற்கிறான், கை தானாக நடுங்கும், இன்றைக்கு எதையும் நினைக்க வேண்டாம் என்று எண்ணினாள். ஆனாலும் பழக்கதோஷத்தில் கண்ணை மூடி, தொகையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கையை வைத்தாள்.

தட்டிலிருந்து மெல்லிய இசை வந்தது. கண்ணைத் திறந்தாள். கவுன்டர் திரையில் பூ விழுந்துகொண்டிருந்தது. எழிலரசன் எட்டிப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"தொடர் வாடிக்கையாளர் சலுகை. மோனிஷா அவர்களின் விலகல் இல்லப் பாக்கி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது ரூபாயும் இன்றோடு தள்ளுபடி." அவர் சிரித்தார். "தீந்துச்சும்மா. போய் நிம்மதியா இரு."

அவளைக் கேட்காமலே நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. இத்தனை நாள் பிடித்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே போயிற்று. பின்னால் நிற்கிறவனைக்கூட ஒரு நொடி மறந்தாள். அந்த ஒரு நொடியில் தட்டு படித்துவிட்டது.

பச்சை. மூன்று.

பாட்டில் உருண்டு வந்து நின்றது. ஒருவருக்கு ஒருநாளில் ஒரு தரம்தான். அவள் மறுபடி கையை வைத்துப் பார்த்தாள். திரை நன்றி சொன்னது.

பக்கத்து வரிசையில் எந்த மணியும் அடிக்கவில்லை. லோகு தன் கைபேசியை எடுத்துப் பார்த்தான். பேசாத கைபேசியைக் காதில் வைத்துக் கேட்டான். பிறகு அவளைப் பார்த்தான், மூன்றைப் பார்த்தான். "அவ்ளோதானா நீ," என்றான் மெதுவாக. முன்னால் நகர்ந்து, மாதக்கணக்கில் காய்ந்த கையைத் தட்டின்மேல் வைத்தான்.

எண்ணைப் பார்க்க அவள் நிற்கவில்லை. சாலையில் கால் வைக்கும்போதே இடுப்பில் மணி அடித்தது. தாலாட்டுகிற குரல்தான். ஆனால் மணி இதுவரை கேட்காத மணி, விடாமல் அடித்தது. பத்துக்கென்று தனி மணி வைத்திருப்பார்கள் போல.

கொட்டகை வாசலில் பெண்கள் பக்கத்து விளக்கு அணைந்து கிடந்தது. மற்றப் பெண்களெல்லாம் அவரவர் பயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரவர் வீட்டில் இருந்தார்கள். உள்ளே பாய்கள் சுருட்டியபடி இருந்தன. காவலுக்கும் ஆள் இல்லை.

வளைந்த கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கதவின் கண்ணாடிமேல் வைத்தாள். இப்போது அது நன்றாக நடுங்கியது. கண்ணாடி நனைந்தது. ஒன்பது வந்திருக்கும், பத்தேகூட வந்திருக்கும். இது தீங்குமானி இல்லை, யார் கையானாலும் கணக்கை மட்டும் பார்க்கிற கண்ணாடி.

பாக்கி ஏதுமில்லை என்று சொல்லிக் கதவு அகலத் திறந்தது.