பாயிண்ட் த்ரீக்கு மேலே

காலை 10.40. தீவிர சிகிச்சைப் பிரிவின் மூன்றாம் கட்டிலில் கிடந்த லாரி டிரைவருக்கு உயிர் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. தலைமாட்டில் மருந்து ஏற்றும் பம்ப் ஒன்றுக்கு இரண்டாக நின்றது. இரண்டின் திரையிலும் ஒரே வாசகம்: ‘அளவு வரம்பை மீறியது.’

பார்த்த மாத்திரத்தில் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். நர்ஸ் அளவைக் கூட்டிப் போட்டாள், பம்ப் மறுத்தது, மருந்து இறங்காமல் இரத்த அழுத்தம் விழுந்து ஆள் போய்விட்டார். அவளுக்கு வேலை போகும், ஜெயிலும் காத்திருந்தது.

வழக்கு இன்ஸ்பெக்டரம்மாவிடம் வந்தது. ஸ்டேஷனில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பூதக்கண்ணாடி’. காதில் விழும், கண்டுகொள்ளமாட்டார்.

“என்ன போட்டீங்க, சிஸ்டர்?”

“பாயிண்ட் த்ரீ.”

“டாக்டர் சொன்னது?”

“அதேதான், மேடம்.”

“வரம்பு?”

“அதையும் டாக்டர்தான் அவர் கம்ப்யூட்டர்லேர்ந்து அனுப்புவாரு. மத்தவங்க கொஞ்சம் கூடவே வெப்பாங்க. இவர் புதுசு, ஒரு சொட்டு கூடக் கூடிடக்கூடாதுன்னு வரம்பையும் பாயிண்ட் த்ரீன்னே வெச்சுட்டாரு.”

“ஒரு தடவதான் போட்டீங்களா?”

“திரும்பத் திரும்பப் போட்டேன். வேற பம்ப் கொண்டுவந்து மாட்டுனேன். அதுவும் அதே பாட்டு. வரம்ப நாங்க மாத்த முடியாது. டாக்டர் ஆபரேஷன்ல இருந்தாரு. ஓடுனேன். திரும்பி வர்றதுக்குள்ள…”

மதியம் பம்ப் கம்பெனியிலிருந்து புரோகிராமர் வந்தான். பம்புக்குள் இருந்த மென்பொருள் முழுக்க அவன் கைவண்ணம். இரண்டு பம்பையும் அணைத்துப் போட்டான். வரம்பு தானாகவே கம்பெனி வைத்த 1.0-க்குத் திரும்பிற்று. 0.3 அடித்தான். இரண்டும் சமர்த்தாக ஓடின.

“மெஷின்ல ஒண்ணுமில்ல மேடம். கைதான் தப்பு,” என்றான்.

கண்காணிப்பாளருக்கு வாயெல்லாம் பல். பூதக்கண்ணாடிக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. பதற்றத்தில் ஒரு தடவை கை தவறலாம். திரும்பத் திரும்ப, அதுவும் இரண்டு பம்பிலும் ஒரே மாதிரி தவறுமா?

“தம்பி, அந்த டாக்டர் வெச்ச வரம்ப அவர் கம்ப்யூட்டர்லேர்ந்தே அனுப்பச் சொல்லுங்க.”

“எதுக்கு மேடம்?”

“காலையில இருந்தது ஒண்ணு, நீங்க ஓட்டிக் காட்டுனது வேற ஒண்ணு. அதுக்குத்தான்.”

டாக்டர் வரம்பை அனுப்பினார். இன்ஸ்பெக்டரம்மா தன் விரலாலேயே 0.3 அடித்தார்.

‘அளவு வரம்பை மீறியது.’

“திரையில ரெண்டும் பாயிண்ட் த்ரீ. உள்ள என்ன இருக்குன்னு கடைசி இலக்கம் வரைக்கும் காட்டுங்க,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. புரோகிராமர் லேப்டாப்பை இணைத்தான். வரம்பு 0.29999999999999999. அளவு 0.30000000000000004.

“நாம அடிக்கிற தசமத்த கம்ப்யூட்டர் பாதி, கால், அரைக்கால்னு பாதி பாதியாப் பிரிச்சுத்தான் வெச்சுக்கும்,” என்று காலேஜில் கம்ப்யூட்டர் படித்த இன்ஸ்பெக்டரம்மாவே கண்காணிப்பாளரிடம் விளக்கினார். “பாயிண்ட் ஒண்ணு அதுல முழுசா அடங்காது, ஒரு துளி கூடிடும். டாக்டரோட கம்ப்யூட்டர் பாயிண்ட் த்ரீய மொத்தமாப் படிச்சு, அதுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற எண்ண எடுத்துக்குச்சு. இந்த பம்ப் மூணத் தனியா எடுத்து, அந்தக் கூடிப்போன பாயிண்ட் ஒண்ணால பெருக்குச்சு. துளி மூணு மடங்காச்சு. சரிதானே, தம்பி?”

“சரிதான்.”

“எண்ணச் சரியாப் படிக்கறதுக்குத்தான் ரெடிமேடா புரோகிராம் இருக்கே. ஏன் நீங்களே எழுதுனீங்க?”

“சின்ன சிப், மேடம். ரெடிமேடு இடத்த அடைச்சுக்கிட்டுது. நாலு வரியில முடிச்சுட்டேன்.”

“கடைசி இலக்கம் பிசகும்னு தெரியுமா?”

“தெரியும். யார் பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.”

“சிஸ்டர் கையில தப்பில்ல சார். ஆளக் கொன்னது இந்த நாலு வரி. தெரிஞ்சே விட்டவர் இவர்.”

கண்காணிப்பாளரின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை வார்டிலும் அந்தப் பம்ப்தான். கழற்றிப் போட்டால் மாட்ட வேறில்லை. வரம்பைக் கொஞ்சம் கூட்டி வைத்து ஓட்டுங்கள் என்று டாக்டர்களுக்கு உத்தரவு போனது, அவ்வளவுதான்.

சேதியைச் சொல்ல இன்ஸ்பெக்டரம்மாவே நர்ஸின் வீட்டுக்குப் போனார். அவளுடைய அம்மா வாய்விட்டு அழுது கும்பிட்டாள். நர்ஸ் அழவில்லை. சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள்.

“அப்போ, மேடம், நான் பாயிண்ட் டூ நைன்னு போட்டிருந்தா?”

பொய் சொல்லிவிடலாமா என்று இன்ஸ்பெக்டரம்மா ஒரு கணம் தவித்தார். வாய் வரவில்லை.

“ஓடியிருக்கும்.”

“அவர் பொழச்சிருப்பாரா?”

“டாக்டர் சொன்ன அளவ எப்படிம்மா நீங்களாக் குறைப்பீங்க?”

“பொழச்சிருப்பாரா, மேடம்?”

“பொழச்சிருப்பாரு.”

மறுவாரம் வேலையில் சேரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அவள் கதவைத் திறக்கவில்லை.