முதுகெழுத்து

மூடுபனி இறங்கிய ஒரு மதியத்தில் ஓர்வென் கிழவர் வோல்தா சதுப்பைத் தாண்டி வந்து, முதுகு படிப்பவளின் வீட்டுக் கதவைத் தட்டினார். பெண்டாட்டி யெஸ்கா செத்து எட்டு நாள். ஒன்பதாம் நாளுக்குள் முதுகு படிக்க வேறு ஆள் அமர்த்தாவிட்டால் ஊரில் ஒருத்தரும் அவரை வாசற்படி ஏற்றமாட்டார்கள். எவன் வீட்டு அடுக்களையில் இவர் விழவேண்டுமென்று எழுதியிருக்கிறதோ, யார் கண்டது?

எங்கள் சீமையில் விதியை நெற்றியில் எழுதுவதில்லை. பிறக்கும்போதே முதுகில், மச்சம்போல் கறுத்த எழுத்தில் இருக்கும். சாவு எங்கே என்று மட்டும் சொல்லும், எப்போது என்று சொல்லாது. படித்தவர் வாய் திறக்கக்கூடாது. அந்த இடத்துப் பக்கம் போகவிடாமல் நம்மை ஒதுக்கி நடத்திப்போவது அவர்கள் பாடு. பளபளப்பில் நாமாகப் பார்த்துவிடக்கூடாது என்றுதான் தேய்த்த பாத்திரத்துக்குக்கூட உடனே கரி பூசி வைப்போம்.

யெஸ்கா அவரை நாற்பது வருஷம் நடத்தினாள். ஒரு பாத்திரம் தேய்க்க விட்டதில்லை. தாடியைக்கூட அவளே மழித்தாள். மாதம் ஒருமுறை முதுகு தேய்க்கையில், விரலால் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்ப்பாள். என்னடி எழுதியிருக்கிறது என்றால், "உன் வேலையப் பாருய்யா" என்பாள். அவளுக்கு எழுத்தே தெரியாதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் கடைசிவரை இருந்தது.

கதவைத் திறந்தவள் மாரெத். நடுவயசு விதவை. உள்ளே அடுப்பில் எரியும் ஈரக் கரிமண்ணின் புகையும் விலாங்கு ரசமும் மணத்தன.

"சட்டையக் கழட்டுங்க மாமா. வெக்கப்படுற வயசா இது?"

"படிச்சிட்டுப் பொய் சொல்லமாட்டேன்னு என்ன நிச்சயம்?"

"நாந்தான் சொல்லவே போறதில்லையே. அப்புறம் எங்க பொய்?"

முக்காலியில் உட்கார்ந்தார். பிடரியில் அவள் மூச்சு சுட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த மூச்சு நின்றது.

அவரை வீட்டில் கொண்டுபோய் விட வண்டி கூட்டிவருவதாகச் சொன்னாள். வரும்வரை முக்காலியை விட்டு எழுந்திருக்கவேண்டாம் என்றாள். போகும்போது சுவரில் தொங்கிய இரண்டு அகலமான செப்புத் தட்டுகளையும் ஒரு பார்வை பார்த்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதை அவர் பார்த்துவிட்டார்.

தட்டில் கரி அப்பியிருந்தது. ஓர்வென் யோசித்தார். எழுதியிருப்பது இந்த வீடா? அப்படியானால் இங்கே இருக்கக்கூடாது. வெளியே இருக்கும் சதுப்பா? அப்படியானால் வெளியே போகக்கூடாது. வாழ்நாளெல்லாம் ஒருத்தி சேலைத்தலைப்பைப் பிடித்து நடந்தாயிற்று, இனி இன்னொருத்தியா? அடுப்படியில் புளித்த மோர் இருந்தது, மணல் இருந்தது. தேய்த்தார்.

செம்பு பளபளத்தது. ஒன்றை அலமாரியில் சாய்த்துவைத்து, முதுகைக் காட்டி நின்று, மற்றதை முகத்துக்கு நேரே பிடித்தார். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

எந்த வீட்டில்... இதைத் தானே... படிக்கிறானோ...

அந்த வீட்டில்.

தட்டு கையிலிருந்து நழுவியது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கதவுக்கு ஓடினார். தாழ் திறந்தது. கதவு அசையவில்லை.

ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார். பனி விரலில் இடித்தது, சுவர்போல.

"மாமா." கதவுக்கு அந்தப் பக்கம் மாரெத் கிசுகிசுத்தாள். "தட்டத் தொட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்ப கதவு ஏன் தெறக்கமாட்டேங்குது?"

அவர் கதவைத் தோளால் இடித்தார். நாற்பது வருஷம் தன்னைப் பாத்திரம் தொடவிடாமல் ஒருத்தி கை கொப்புளிக்கத் தேய்த்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது.

அடுப்பு தானாக அவிந்தது.

முதுகில் ஒரு விரல் பட்டது.

ஈரவிரல், குளிர்ந்த விரல். முதல் எழுத்திலிருந்து, அவசரமில்லாமல், எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு போனது. அந்த விரலை அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கத்தான் தைரியமில்லை.

"யெஸ்கா... நீ சொல்லியிருக்கலாமேடி."

விரல் கடைசி எழுத்துக்கு வந்து, அழுத்தியது.

பொழுது சாயும் நேரத்தில் கதவு தானாகத் திறந்துகொண்டது. மாரெத்தும் வண்டிக்காரனும் உள்ளே போனார்கள். ஆள் இல்லை, பிணமும் இல்லை. முக்காலியின்மேல் சட்டை கிடந்தது, உடம்புச் சூட்டோடு. மாரெத் அழுதுகொண்டே இரண்டு தட்டுக்கும் கரி பூசித் திரும்ப மாட்டினாள்.

இன்றுவரை பூசிக்கொண்டுதான் இருக்கிறாள். ஒவ்வொரு காலையிலும் ஒரு தட்டில், ஒரு முதுகின் அகலத்துக்கு மட்டும், கரி போய்ப் பளபளவென்றிருக்கிறது. தொட்டால் ஈரம். புளித்த மோர் வாடை.