சுறாப் புட்டு மட்டும் ஏன் தப்பியது?

காலை ஒன்பது மணி.

"திருட்டுப் போயிருச்சு, ரூபினி," என்றார் கிருஷ்ணகுமாரி. "கூகுள்ல என் பழைய சமையல் ஒன்னுமே வரல."

மலேசியாவின் ஜொகூர் பாருவில் இணையத்தளங்களைப் பழுதுபார்ப்பது ரூபினியின் வேலை. கிருஷ்ணகுமாரி, பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பத்தியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறவர். அவருடைய வலைப்பூவைத் தேடிப் படித்துவிட்டுத்தான் சிங்கப்பூரிலிருந்துகூட அழைப்பார்கள். பொங்கலுக்குப் பிறகு தொலைபேசி ஊமையாகிவிட்டது.

"யார் மேல சந்தேகம், அக்கா?"

"யுகேந்திரன்தான்! என்கிட்ட இருந்து கத்துக்கிட்டுத் தனியா கேட்டரிங் தொடங்குனான்ல? இப்பவே போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கப் போறேன்." கையில் கார்ச் சாவி தயாராக இருந்தது.

"பாஸ்வேர்ட் அவர்கிட்ட இருக்கா?"

"அவன் போன அன்னிக்கே மாத்திட்டேன் லா."

ரூபினி மடிக்கணினியைத் திறந்தாள். கட்டுரைகள் தளத்தில் பத்திரமாக இருந்தன. ஆனால் முதல் பக்கத்தில் இருந்த புதியவை மட்டுமே தேடலில் வந்தன. பழையவற்றில் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது: சுறாப் புட்டு.

சுறாப் புட்டின் மேல் திருடனுக்கு என்ன கரிசனம்?

"சுறாப் புட்டைப் பத்தி சமீபத்துல எங்கயாச்சும் சொன்னீங்களா?"

"போன வாரம் தாய்ப்பாலைப் பத்தி எழுதுனேன். அதுல லிங்க் கொடுத்தேன்."

"தளம் பளிச்சுனு இருக்கே. எப்ப மாத்துனீங்க?"

கிருஷ்ணகுமாரியின் முகம் மலர்ந்தது. "தீபாவளிக்கு வீட்டைக் கழுவுனப்ப இதையும் துடைச்சேன். அடியில ஒன்னு, ரெண்டு, மூணுன்னு குப்பையா நம்பர் வரிசை. தூக்கிட்டு 'மேலும் காட்டு'ன்னு ஒரே ஒரு பட்டன் வெச்சேன்."

"திருடன் நீங்கதான்," என்றாள் ரூபினி. "அந்த நம்பருங்க குப்பை இல்லக்கா, பாதை. கூகுள் லிங்க்கைப் பிடிச்சுத்தான் நடக்கும், பட்டனை அமுக்காது. ரெண்டாம் பக்கத்துக்கு வழி இல்லாமப் போனதும் பழசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மறந்துருச்சு. சுறாப் புட்டுக்கு மட்டும் நீங்களே புதுப் பாதை போட்டீங்க."

கிருஷ்ணகுமாரி அந்த 'மேலும் காட்டு' பட்டனைத் தானே ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். ரூபினிக்கு அவர் மனம் புரிந்தது. இழப்புக்கு ஓர் எதிரி இருந்தால் கோபத்தைச் சாய்த்துவைக்க இடம் கிடைக்கும். சொந்தக் கையே எதிரியானால் எங்கே சாய்ப்பது?

"நம்பரைத் திரும்ப வெக்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி முகவரி. சில வாரத்துல எல்லாம் வந்துரும்."

"ஊர் பூரா அவனைத் திருடன்னு சொல்லிட்டேனே."

கார்ச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு அவர் நாற்காலியை நெருக்கி இழுத்தார்.

"முதல் பக்கத்துல யுகேந்திரன் கடைக்கும் ஒரு வழி போடு, ரூபினி. பட்டன் வேணாம். நல்ல லிங்க்கா போடு."