கல்வெட்டுக்கு இடம் தராத சுவர்

மூன்று நாளாகியும் அந்த ஓரிடம் மட்டும் காயவில்லை. மாதா கோயிலின் பீடத்துக்கு இடப்பக்கச் சுவரில், இரண்டு முழ அகலம். காலையில் பூசியது மதியத்துக்குள் உலர்ந்துவிடுகிற வெயிலில், மற்ற சுவரெல்லாம் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் விரல் வைத்தால் பிசைந்த மாவுபோல் ஒட்டியது. இருபது வருடக் கொத்துவேலையில் இப்படி வீம்பு பிடித்த சுவரை அவள் பார்த்ததில்லை.

அங்கேதான் கல்வெட்டைப் பதிக்க வேண்டும். நூறாவது ஆண்டுக்காகக் கோயிலின் வரலாற்றைப் பளிங்கில் செதுக்கியிருந்தார்கள்: அடிக்கல் நாட்டியவர், மணி வந்திறங்கிய கப்பல், புயலில் கூரை போன வருடம். ஏழாவது வரியில், ‘தலைமைக் கொத்தன் தங்கப் பூசைக் கிண்ணத்தைத் திருடிக்கொண்டு ஓடிப்போனான்.’ அந்தக் கொத்தன் அவளுடைய கொள்ளுத்தாத்தா. இன்றும் ஞாயிறு பூசையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பெண்கள் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வார்கள்.

“அந்த வரியை மட்டும் எடுத்துடுங்க சாமி,” என்று பங்குச்சாமியாரிடம் கேட்டுப் பார்த்தாள்.

“பழைய ஏட்டுல இருக்கறதுதானேம்மா. நான் என்ன புதுசாவா எழுதினேன்?”

வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். வேறு ஆள் வந்தால் சத்தமில்லாமல் பதித்துவிட்டுப் போய்விடுவான்.

அன்று மதியம் கோயிலில் யாருமில்லை. உருகிய மெழுகும் பழைய மரமும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை மூக்கில் ஏற, கண்ணாடி வழியே விழுந்த சிவப்பு வெளிச்சம் தரையில் நகராமல் கிடக்க, அவள் மறுபடியும் பூச்சுக் கரண்டியை இழுத்தாள். சரக், சரக். நிறுத்தினாள். சுவருக்குள் இன்னும் இரண்டு இழுப்பு கேட்டது.

எதிரொலி என்று மனதைத் தேற்றிக்கொண்டு மீண்டும் இழுத்தாள். இம்முறை அவள் நிறுத்திய பிறகு ஐந்து. எந்த எதிரொலி எண்ணிக்கையில் கூடும்? நீளமான இழுப்பு, முடிவில் ஒரு சின்னச் சுழிப்பு. அவள் அப்பா அப்படித்தான் பூசுவார். அவருக்கு அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது.

கால் வாசலைத் தேடியது. ஆனால் பயத்தின் தலைமேல் கோபம் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஓடிப்போனான், ஓடிப்போனான் என்று நூறு வருடமாகச் சொன்னார்களே!

சுத்தியலை ஓங்கினாள். நாலாவது அடியில் ஒரு கல் உள்ளே விழுந்தது. ஒரு சாண் ஓட்டை. இருட்டு. குளிர்ந்த காற்று.

ஒரு கை வந்தது. உள்ளங்கை நிறையச் சாந்து. ஓட்டையின் விளிம்பை உள்ளிருந்தபடியே அடைக்கத் தொடங்கியது.

“போதும் தாத்தா. மறைஞ்சிருந்தது போதும்.”

மணிக்கட்டைப் பிடித்தாள். வெறும் எலும்பு. அது உள்ளே இழுத்தது. அவள் கை முழங்கைவரை உள்ளே போயிற்று. அவள் விடவில்லை.

வாசலில், சாமியாருக்கு உதவியாளரான உபதேசியார் நின்றார். “என்னம்மா பண்றே? கையை எடு!”

“எடுக்க மாட்டேன். மணியை அடிங்க. ஊரே வந்து பாக்கட்டும், யார் ஓடிப்போனதுன்னு!”

அவர் ஓடினார். மணி அடித்தது. தெருவில் கதவுகள். குரல்கள். செருப்புச் சத்தம்.

அவள் பிடித்திருந்தது ஒரு கையைத்தான். உள்ளே இன்னொன்று பூசிக்கொண்டே இருந்தது.

கூட்டம் உள்ளே வந்தபோது ஓட்டை இல்லை. விரிசல்கூட இல்லை. வழுவழுப்பான சுவரில் தோளோடு புதைந்து, கன்னம் சாந்தில் பதிய, அவள் நிமிர்ந்து நின்றாள்.

“இங்கதான் இருக்காரு,” என்றாள். “நான் புடிச்சிருக்கேன்.”

சொல்லி முடிப்பதற்குள் பூச்சு அவள் கழுத்தைத் தாண்டியிருந்தது.