சிவப்பு விளக்கு எரியும்போது

படார்!

ஒலிப்பதிவு அறையின் கதவு சுவரில் மோதி நின்றது. மைக் முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்பு வாயாடி, பாதி வாக்கியத்தில் வாயடைத்துப் போனாள்.

"வெளியில 'உள்ளே வராதே'ன்னு சிவப்பு விளக்கு எரியுதே, கண்ணு தெரியாதா?"

சீறியவள், அந்தச் சமுதாய வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவள்.

வாசலில் மழையில் சொட்டச் சொட்ட நின்றான் அவன். "ஸாரி மேடம்... நான் இவங்க கணக்கு வாத்தியார். கூட வர்ற டீச்சருக்கு ஜுரம், அதான் மிச்சப் பசங்களை நான்..."

"கணக்குல எல்லாம் கதவைத் தட்டற வழக்கம் இல்லையோ?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிவிட்டது. ஈர இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... சட்டென்று அவள்தான் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் போன் அலறியது. நேரலைப் பேட்டிக்கு வரவேண்டிய தீயணைப்பு அதிகாரி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டாராம்! போன தடவை நேரலைக்கு நடுவில் பிள்ளைகள் பேச்சற்று நின்றதற்கே நிலைய இயக்குநர் கறாராகச் சொல்லியிருந்தார்... இன்னொரு முறை அப்படி நடந்தால் 'மாணவர் நேரம்' நிகழ்ச்சிக்கே மூடுவிழா.

"சார்... விருந்தினரா நீங்க உட்காருங்களேன்."

"திட்டு வாங்கின கையோட பேட்டி வேறயா? ஆளை விடுங்க."

"எனக்காக வேண்டாம்... பசங்களுக்காக."

அவன் மறுபேச்சில்லாமல் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறையில், ஒலிப்பதிவைக் கவனிக்கும் அக்காவுக்குப் பக்கத்தில் அவள். மேஜையில் ஒரு பொத்தான். அழுத்திப் பேசினால் விருந்தினரின் ஹெட்போனில் மட்டும் கேட்கும், நேயர்களுக்குக் கேட்காது.

"மைக்கை விட்டு விலகாதீங்க சார்," என்றாள். பதற்றத்தில் விரலை எடுக்க மறந்தாள்.

நேரலை தொடங்கியது. ஆமாம், இல்லை என்று முடிந்துபோகும் கேள்வி கூடாது என்று அவள் கற்றுக்கொடுத்ததை வாயாடி மறக்கவில்லை.

"சார், உங்களுக்கு எதைக் கண்டா பயம்?"

அக்காவிடம் அவள் ஏதோ முணுமுணுத்தாள். அந்தப் பக்கம் அவன் வாயைத் திறந்தான்... மூடினான். நிசப்தம்!

ஐயோ, பேசேன்... இயக்குநர் அறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்குமே... அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

வாயாடி அசரவில்லை. "மெதுவா யோசிங்க சார். உங்க பரீட்சையில எங்களுக்கும் இப்படித்தான் ஆகும்!"

அவன் சிரித்துவிட்டான். கண்ணாடி வழியே நேராக அவளைப் பார்த்தான். "இந்தக் கதவை மறுபடி வந்து தட்டினா... திறப்பாங்களா, மாட்டாங்களா... அந்தப் பயம்தான்."

நிகழ்ச்சி முடிந்ததும் இயக்குநர் எட்டிப் பார்த்தார். "பொண்ணு சமாளிச்சுட்டாளே! அடுத்த வாரமும் நடத்துங்க."

போன உயிர் திரும்பியது. கூடவே கோபமும். அவள் உள்ளே பாய்ந்தாள்.

"நடுவுல ஏன் சார் ஊமையாயிட்டீங்க?"

அவன் ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் வைத்தான்.

"'இவ்வளவு அழகான கண்ணைப் போய் தெரியாதான்னு கேட்டுட்டேனே அக்கா'ன்னு காதுக்குள்ள ஒரு குரல் கேட்டா... எவனுக்குங்க பேச்சு வரும்?"