பஞ்சு மூட்டை

ராணுவப் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே அவள் கையைத் தூக்கி மாட்டிக்கொண்டாள்.

மாலை அணிவகுப்பு முடிந்ததும், அணித்தலைவி அக்கா புது மாணவிகள் முன்னால் வந்து நின்றாள். மேல் வகுப்பு மாணவி அவள். சட்டையில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது.

"யாருக்கு இனிப்பு வேணும்?" என்று கேட்டாள்.

"எனக்கு அக்கா! ரெண்டு!" என்று இவள் கத்தினாள்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பள்ளியில் இனிப்பு என்றால், மைதானத்தைச் சுற்றி ஓடும் தண்டனை. இரண்டு கேட்டாள். இரண்டும் கிடைத்தது.

ஓடி முடித்து மூச்சிரைக்க வந்தவள், "அக்கா, அப்போ நிஜ இனிப்புக்கு இங்க என்ன பேரு?" என்று கேட்டாள்.

அக்கா சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். "இனிமே உன் பேரு கேள்வி" என்றாள்.

அன்றிலிருந்து அவள் கேள்விதான். இந்தப் புதுப் பேச்சு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. காலையில் எழுப்பும் விசில், 'கொசு'. வெயில் கொளுத்தும் மைதானம், 'அடுப்பு'. பையும் பெட்டியுமாக வந்து இறங்கிய புது மாணவிகள் எல்லாரும் 'மூட்டை'.

"மூட்டைகளா! கொசு கடிச்சதும் அடுப்புக்கு ஓடி வரணும்!" என்று அக்கா சொன்னால், முதலில் புரிந்துகொள்வது கேள்விதான். பக்கத்துக் கட்டில் நெட்டைக்கும் அவளே விளக்கிச் சொல்வாள்.

நெட்டையின் கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்கள் ஓடினால் யாராலும் பிடிக்க முடியாது. தொடர் ஓட்டப் போட்டியில் புது மாணவிகளின் அணிக்குக் கடைசி ஆளாக ஓட அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். 'பஞ்சு மூட்டை'. உடம்பு முடியவில்லை என்று மருந்து அறைக்குப் போகிற புது மாணவிக்கு அந்தப் பெயர். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வருஷம் முழுக்கப் போகாதாம்.

ஒரு நாள் மதியம் கேள்வி அறைக்குள் நுழைந்தபோது, நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ! என்னடி இது, பன்னு மாதிரி வீங்கியிருக்கு!"

"கத்தாதே. படியில கால் மடங்கிடுச்சு. நாளைக்குச் சரியாயிடும்."

"எப்போ மடங்குச்சு?"

"முந்தாநாள்."

"நேத்து சரியாகாதது நாளைக்கு மட்டும் எப்படிச் சரியாகும்? எழுந்திரு, மருந்து அறைக்குப் போவோம்."

"நான் வரல. எல்லாரும் பஞ்சு மூட்டைன்னு கூப்பிடுவாங்க." நெட்டை காலுறையை மறுபடி இழுத்து மாட்டினாள். "நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

கேள்வி சத்தியம் பண்ணவில்லை. ஆனால் காட்டிக்கொடுக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. சொன்னால் நெட்டை தன்னோடு பேசவே மாட்டாள். சொல்லாவிட்டால் அந்தக் கால் என்ன ஆவது? சாயங்காலம் ஓட்டப் பயிற்சி வேறு இருக்கிறது.

யோசித்தபடியே பூட்ஸை மாட்டினாள். குதிகால் சுரீரென்றது. கழற்றிப் பார்த்தாள். புது பூட்ஸ் கடித்து ஒரு கொப்புளம்!

கொப்புளத்தைப் பார்த்து யாராவது சந்தோஷப்படுவார்களா? கேள்வி சந்தோஷப்பட்டாள்.

மைதானத்தில் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று அக்கா வழக்கம்போலக் கேட்டாள். வழக்கம்போல யாரும் வாயைத் திறக்கவில்லை. நெட்டை ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு விறைப்பாக நின்றாள்.

கேள்வி ஓரடி முன்னால் வந்தாள். "அக்கா! நான் பஞ்சு மூட்டை!"

மொத்த வரிசையும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"குதிகால்ல கொப்புளம். மருந்து அறைக்குத் தனியாப் போகக் கூடாதுல்ல? துணைக்கு நெட்டையை அனுப்புங்க."

"ஒரு கொப்புளத்துக்கா? வருஷம் முழுக்க உன்னை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும் அக்கா. கேள்வின்னு கூப்பிட்டு அலுத்துப்போனா, இதைச் சொல்லிக் கூப்பிடட்டுமே."

சிரிப்பு வெடித்தது. அது கேலிச் சிரிப்பு இல்லை. சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் ஒரு கை மெல்ல எழுந்தது.

"அக்கா, எனக்கும் கொப்புளம். ரெண்டு கால்லயும்."

"எனக்கு முட்டியில சிராய்ப்பு அக்கா."

"எனக்கு நேத்துலேருந்து காது வலி."

அக்கா திகைத்துப்போனாள். "இவ்வளவு பேரா? ஏன் யாரும் சொல்லல?"

"பஞ்சு மூட்டைன்னு கூப்பிடுவாங்களே அக்கா" என்றது பின்வரிசையில் ஒரு குரல். அக்காவின் முகம் மாறியது. "எல்லாரும் கிளம்புங்க" என்றாள் மெதுவாக.

மருந்து அறை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து நர்ஸம்மா இடுப்பில் கை வைத்தார். "என்ன, இன்னைக்கு மைதானத்தையே இங்க மாத்திட்டாங்களா?"

"என் கொப்புளத்துக்கு அவசரம் இல்ல நர்ஸம்மா" என்று கேள்வி வழிவிட்டாள். "துணைக்கு வந்தவளைக் கொஞ்சம் உட்கார வைக்கிறீங்களா? அவளால நிக்க முடியல."

நெட்டை அவளை முறைத்தாள். பிறகு தானே உட்கார்ந்து காலுறையைக் கழற்றினாள்.

நர்ஸம்மா கணுக்காலை அழுத்திப் பார்த்தார். "நல்லவேளை, சுளுக்குத்தான். இதோட இன்னும் ரெண்டு தடவை ஓடியிருந்தா மாசக்கணக்கில படுத்திருப்ப."

"தொடர் ஓட்டம்... அடுத்த மாசம்..."

"சொன்னபடி ஓய்வு எடுத்தா, அதுக்குள்ள தாராளமா ஓடலாம்."

நெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது கேள்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். "என்னை நல்லா ஏமாத்திட்ட."

"நான் எதுவும் சொல்லலியே. துணைக்குத்தானே கூப்பிட்டேன்?"

அதற்குப் பிறகு அந்தப் பெயர் யாரையும் பயமுறுத்தவில்லை. அறையில் பாதிப் பேருக்குமேல் அதே பெயர் என்றால், யார் யாரைக் கேலி செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அணித்தலைவி அக்கா கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். அன்று அவள் சட்டை கசங்கியிருந்தது.

"எனக்குப் பல்லு ரொம்ப வலிக்குது" என்றாள் தரையைப் பார்த்து. "துணைக்கு... யாராவது வர்றீங்களா?"

அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கட்டிலுக்கு அடியில் பூட்ஸைத் தேடினார்கள்.