கீழ் விளிம்பு

ஞாயிறு ஆராதனை முடிந்து வில்பிரட் சேலையூர் வீட்டுக்குத் திரும்பியபோது முனிரத்தினம் வாசலில் காத்திருந்தான். புல்லட்டின் மேல் சாய்ந்துகொண்டு, துண்டால் கழுத்தைத் துடைத்தான்.

"இன்னா வாத்யாரே, சாமி இன்னிக்கு லேட்டா வுட்டாரா?"

"பாதிரியார்தான் விடல. வா உள்ள."

வில்பிரட் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் சொல்லிக் கொடுத்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் பாதி பிலிமுக்கும் கழுவும் மருந்துக்கும் போனது. முனிரத்தினத்துக்கு முடிச்சூரில் ஆறு ஏக்கர் நஞ்சை. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கேமராவைக் கீழே வைக்க மனமில்லாமல் வில்பிரட்டின் படமெடுக்கும் கூட்டத்தில் சேர்ந்தவன்.

மேஜை மேல் வரைபடம் விரிந்திருந்தது. மூணாறுக்கு மேலே ஒரு மலையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம். போன வருஷம், எழுபத்தெட்டில்தான், அதைத் தேசியப் பூங்கா ஆக்கியிருந்தார்கள்.

"அக்டோபர் நாலு. ராத்திரி வண்டியில மதுரை. காலையில பஸ் பிடிச்சுப் போடிநாயக்கனூர். அங்கிருந்து ஜீப்" என்றான் வில்பிரட். "மழை விட்டுப் பத்து நாள்தான் அந்த வெளிச்சம் இருக்கும். புல் சிவக்கும். பனி விலகுறப்ப வரையாடு விளிம்புக்கு வரும்."

"உனக்கு இன்னும் ஆடு வேணுமா? அதான் ஒண்ணு மாட்டி வெச்சிக்கிறியே."

சுவரில் அந்தப் படம் தொங்கியது. பாறை விளிம்பில் ஒரு கிடா. பின்னால் வெள்ளைப் பனி. கொம்பின் வளைவில் மட்டும் வெயில். மெட்ராஸ் கண்காட்சியில் முதல் பரிசு. குளம்புக்குக் கீழே ஒரு விரற்கடை புல்லோடு படம் முடிந்தது.

"ஸ்வெட்டர் எட்த்துகினு வரணுமா?"

"போன வருஷம் நடுங்கினது மறந்துபோச்சா?"

போன வருஷம் மூன்று பேர் போனார்கள். இரண்டு பேர் திரும்பினார்கள்.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது.

தபீதாள் உள்ளே வந்தாள். திரும்பி வராத ஏசுதாசனின் மனைவி. தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதிலிருந்து கேமராவை எடுத்து வரைபடத்தின் மேல், சரியாகச் சிவப்பு வட்டத்தில், வைத்தாள்.

"போலீஸ்காரங்க போன வாரந்தான் குடுத்தாங்க. கழுத்துலயே இருந்ததாம்."

பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழ் நசுங்கியிருந்தது. மற்றபடி கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"உள்ள பிலிம் இருக்கு அண்ணா. முப்பத்தொண்ணு காட்டுது. இன்னும் அஞ்சு படம் மிச்சம். மிச்சம் வெச்சுக் கழுவுறது அவருக்குப் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். அஞ்சையும் அங்கயே எடுத்து முடிச்சிட்டு வாங்க. அப்புறம் கழுவலாம். கடைசியா என்ன பார்த்தாருன்னு நான் பார்க்கணும்."

"நீயும் வர்றியாம்மா?" என்றான் முனிரத்தினம்.

"நான் வரல. இதக் கூட்டிட்டுப் போங்க."

அவள் சுவரைப் பார்த்தாள். ஒவ்வொரு தடவை வரும்போதும் பார்ப்பாள்.

"இத எடுத்தப்ப அவர் எங்க இருந்தார் அண்ணா?"

"தெரியலம்மா. நான் மேல தனியா இருந்தேன். அவன் அரை மைல் தள்ளி இருந்திருப்பான்."

போலீஸிடமும் பாதிரியாரிடமும் இவளிடமும் இதே சொற்களைத்தான் சொல்லியிருந்தான். சொல்லிச் சொல்லி அவை வழுவழுப்பாகியிருந்தன.

ஏசுதாசன் அவன் காலடியில் இருந்தான்.

அன்று முனிரத்தினம் கீழே ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். கிடா இருபது அடி தூரத்தில் வந்து நின்றது. இன்னும் நல்ல கோணம் தேடி ஏசுதாசன் பக்கவாட்டில் ஓர் அடி இறங்கினான். புல் வழுக்கியது. சரிவின் விளிம்பில் ஒரு கையால் புல்லைப் பிடித்துத் தொங்கினான். அப்போதும் அவன் கத்தவில்லை. கத்தினால் கிடா ஓடிவிடும்.

"வில்பிரட். கை குடு" என்று கிசுகிசுத்தான்.

பனி விலகிக்கொண்டிருந்தது. கொம்பில் வெயில் விழுந்தது.

"ஒரு நிமிஷம்" என்றான் வில்பிரட், அதே கிசுகிசுப்பில்.

மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் கிசுகிசுப்பாகத்தான். வில்பிரட் நான்கு படம் எடுத்தான். பிறகு கீழே பார்த்தபோது புல் மட்டும் இருந்தது.

கிடா இன்னும் நின்றிருந்தது.

இன்னொரு படம் எடுத்தான்.

பரிசு வாங்கியது மூன்றாவது. பிரிண்ட் போடும்போது கீழே அரை அங்குலம் வெட்டினான். அந்த அரை அங்குலத்தில் புல்லைப் பற்றிய நான்கு விரல்கள் இருந்தன. ஆள்காட்டி விரலின் நுனிக் கணு இல்லை. சின்ன வயதில் கதவிடுக்கில் போனது.

மறுநாள் திங்கட்கிழமை. காலாண்டு விடுமுறை தொடங்கியிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு வில்பிரட் ஜன்னல்களைச் சாத்தினான். வெயிலில் ஓட்டுக் கூரை நெறிந்தது. இரண்டு மாதமாகச் சேலையூரில் ஒரு சொட்டு மழை இல்லை.

அந்தப் பிலிமில் தன் உருவம் இருந்தால் அரை மைல் பொய்யாகிவிடும். கேமராவின் பின்மூடியை வெளிச்சத்தில் திறந்தால் போதும், எல்லாம் அழிந்துவிடும். ஒரு நொடி வேலை.

அவனால் முடியவில்லை. ஏசுதாசனின் கண் தன் கண்ணைவிடக் கூர்மையானது என்று அவனுக்குத் தெரியும். கீழேயிருந்து அந்தக் கிடாவை அவன் எடுத்திருந்தால்? முதலில் கழுவிப் பார்ப்போம். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கொளுத்துவோம். தபீதாளிடம் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அட்லஸுக்குள் ஒளித்து வைத்திருந்த ஒரு தாளையும் எடுத்து மேஜையில் போட்டான். போன வருஷத்துப் பிலிமை அப்படியே தாளின் மேல் வைத்து எடுத்த பிரதி. தபால் தலை அளவில் வரிசையாகப் படங்கள். எதுவும் வெட்டாதவை. அதையும் இன்றே கொளுத்திவிட வேண்டும். அதன் மேல் பூதக்கண்ணாடியை வைத்து ஐந்து படங்களையும் கடைசியாக ஒரு தடவை பார்த்தான்.

குமிழ் நசுங்கியதால் பிலிமைச் சுருளுக்குள் திருப்ப முடியாது. இருட்டில் கேமராவைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு பை வைத்திருந்தான். இரண்டு அடுக்குக் கறுப்புத் துணி, இரண்டு பக்கம் சட்டைக்கைபோல இரண்டு நுழைவு, முழங்கையருகே இறுக்கிப் பிடிக்கும் எலாஸ்டிக். உள்ளே துளி வெளிச்சம் போகாது. கேமராவையும் கழுவும் டப்பாவையும் பைக்குள் வைத்து மூடினான். இரண்டு கைகளையும் நுழைத்தான்.

இந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்வான். விரலுக்கு வழி தெரியும்.

பின்மூடி திறந்தது.

உள்ளே குளிர்ந்திருந்தது.

கேமராவின் உலோகம்தான் என்று நினைத்தான். பிறகு வாசனை வந்தது. ஈரப் புல். நசுங்கிய ஈரப் புல்லின் பச்சை வாசனை, எலாஸ்டிக் இடுக்கு வழியாக, மூச்சு விடுவதுபோல விட்டு விட்டு வந்தது.

கண்ணைத் திறந்தான். மின்விசிறி சுற்றியது. நெற்றியில் வேர்வை வழிந்தது. விரல்கள் மரத்துப்போயின.

டப்பாவைத் தேடி இடது கையை நீட்டினான். பையின் அடித்துணி தட்டுப்படவில்லை. இன்னும் நீட்டினான். மேஜைப் பலகை தட்டுப்படவில்லை.

கம்பளி தட்டுப்பட்டது. நனைந்த கம்பளி.

அவன் அசையாமல் இருந்தான்.

வலது கை கேமராவில் இருந்தது. இடது கை கம்பளியின் மேல் இருந்தது.

மூன்றாவது கை அவன் மணிக்கட்டைத் தொட்டது.

அது அவசரப்படவில்லை. ஒவ்வொரு விரலாகச் சுற்றியது. சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல். கடைசியாக ஆள்காட்டி விரல். அது பாதியில் மொண்ணையாக முடிந்தது.

பிறகு கனம் வந்தது. ஓர் ஆளின் முழுக் கனம். வில்பிரட்டின் மார்பு மேஜை விளிம்பில் மோதியது. தோள் மூட்டில் ஏதோ நெறிந்தது.

"வில்பிரட்."

கிசுகிசுப்புதான். யாரையும் விரட்டிவிடாத கிசுகிசுப்பு.

"கை குடு."

வாசல் கதவு தட்டப்பட்டது. தாழ் போட அவன் மறந்திருந்தான்.

தபீதாள் ஒரு குரங்குக் குல்லாவோடு உள்ளே வந்தாள். அரை நாள் லீவு போட்டு ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தாள். "முனிரத்தினம் அண்ணனுக்கு இதக் குடுக்கலாம்னு... என்ன அண்ணா, வேலையா இருக்கீங்களா?"

"தபீதா. இங்க வாம்மா. பையப் பிடி."

"தொட்டா பிலிம் கெட்டுப்போகும்னு அவர் என்னைக் கிட்டவே விடமாட்டார்."

"பரவாயில்ல. பிடிச்சு இழு."

அவள் மேஜைக்கருகில் வந்தாள். பை சின்னதாகத்தான் கிடந்தது. உள்ளே பெரிதாக எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் மேஜையின் கால்கள் முனகின.

"அது அவர் கேமராவா? இப்பவே ஏன் திறந்தீங்க? அஞ்சு படம்..."

அவள் பூதக்கண்ணாடியைப் பார்த்தாள். அதன் கீழிருந்த தாளைப் பார்த்தாள்.

"அதத் தொடாத" என்றான் வில்பிரட். எழுந்து பறிக்கக் கை இல்லை.

அவள் குனிந்தாள். முதல் படம். இரண்டாவது. கண்ணாடியை மெல்ல நகர்த்தினாள். தட்டச்சு செய்த தாளில் பிழை தேடுகிற நிதானம். நான்காவதில் வெகுநேரம் நின்றாள். ஐந்தாவதுக்குப் போனாள். மறுபடி நான்காவதுக்கு வந்தாள்.

"அரை மைல்னீங்க" என்றாள்.

"தபீதா, தோள் கழண்டுடும் போலிருக்கும்மா."

"அஞ்சாவதுல விரல் இல்ல."

அவன் அழத் தொடங்கினான். "என் பாவந்தான். எல்லாத்தையும் சொல்றேன். இப்ப இழு. கை குடும்மா. கை குடு."

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் கோபமில்லை. மேஜையோரம் வில்பிரட்டின் கேமரா இருந்தது. பிரயாணத்துக்காகப் புதுப் பிலிம் போட்டுத் தயாராக வைத்திருந்தான். அதை எடுத்தாள். தோற்பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். இரண்டடி பின்னால் போய்க் கண்ணருகே வைத்தாள். வலது கண்ணா இடது கண்ணா என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் அண்ணா" என்றாள்.

கிளிக்.

கேமராவைக் கழற்றித் தன் துணிப்பையில் போட்டாள். தாளைச் சுருட்டி அதையும் போட்டாள். குல்லாவை நாற்காலியில் வைத்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். குடை விரியும் சத்தம் கேட்டது.

கனம் கூடியது.

பைக்குள், திறந்து கிடந்த கேமரா, யாரும் அழுத்தாமல் சத்தம் போட்டது.

முப்பத்திரண்டு.

வில்பிரட் எண்ணினான். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெகுநேரம் இடைவெளி விட்டது. ஏசுதாசன் அவசரப்பட்டுப் படம் எடுப்பவன் அல்ல.

முப்பத்தாறுக்குப் பிறகுதான் ஏசுதாசனின் இன்னொரு கை வந்து அவன் வலது கையையும் பிடித்தது.

ஆஸ்பத்திரி வார்டில் டெட்டால் வாசனை. முனிரத்தினம் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சாத்துக்குடி கொண்டுவந்திருந்தான்.

"செவ்வாக்கெழம காலைல டிக்கெட்டோட வர்றேன், நீ அப்டியே மேஜ மேல கவுந்துகினு கீற. ரெண்டு தோளும் கழண்டு கீது. எப்டின்னு டாக்டருக்கே பிரியல. பையக் கத்தரிச்சித்தான் உன் கையவே எட்த்தோம்."

வில்பிரட் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. அன்றிலிருந்தே வரவில்லை. கிசுகிசுக்க மட்டும் முடிந்தது.

"பிலிம்?"

"வெளிச்சம் பட்டு எல்லாம் பூட்ச்சு வாத்யாரே. முப்பத்தாறு காட்டுது, ஆனா ஒண்ணுமே இல்ல. மொத்தமும் கருப்பு."

ஒன்றுமே இல்லை. வில்பிரட் கூரையைப் பார்த்தான்.

"ஆனா உன் கேமரால ஒண்ணு இருந்துச்சி. தபீதாள் கொணாந்து குட்த்து, கழுவிப் பெர்சா போடச் சொல்லிச்சு. சும்மா சொல்லக்கூடாது, கை ஆடாம எட்த்துக்குது. கண்காட்சிக்கு அனுப்பப் போறேன்னுது. தமாஷா சொல்லுதா, நெசமா சொல்லுதான்னே தெரில."

பழுப்பு உறையிலிருந்து படத்தை உருவி முகத்துக்கு நேரே பிடித்தான்.

நாற்காலியில் வில்பிரட். வாய் திறந்திருந்தது. கண்ணீரில் ஜன்னல் இடுக்கின் ஒரு கீற்று வெளிச்சம். முழங்கைவரை கறுப்புப் பை.

"கீழ கொஞ்சம் வெட்னா இன்னும் நல்லாருக்கும்னு நான் சொன்னேன். மேஜ விளிம்பு அசிங்கமா தெரீதே. அது ஒத்துக்கல. கீழ வெட்டவே கூடாதாம். முழுசா வேணுமாம்."

வில்பிரட்டின் கண் கீழே இறங்கியது.

பையின் எலாஸ்டிக் வாயிலிருந்து நான்கு விரல்கள் வெளியே வந்து அவன் முழங்கையைப் பற்றியிருந்தன. ஒன்று பாதியில் முடிந்தது.

"இன்னா வாத்யாரே, குளிருதா?" என்று முனிரத்தினம் போர்வையை இழுத்துவிட்டான். "பனி பட்ட மாறி சில்லுன்னு கீது கை."

போர்வைக்குள் அந்தப் பிடி கொஞ்சம் மேலே ஏறியது.